தேயிலைத் தட்டு

முத்தையாபுரத்தில் என் மருந்துக்கடைக்கு அடுத்தது செந்தூர்வேலின் மளிகைக்கடை. நடுவே ஒரு சுவர்தான். அவன் அங்கே தும்மினால் நான் இங்கே மாத்திரை எடுத்து வைத்துவிடலாம். பத்தொன்பது வருடமாக அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறோம். அவனைப் பற்றி எழுத எனக்கு அந்த உரிமை போதும். என்னைப் பற்றி அதிகம் தெரிய வேண்டியதில்லை. பெயர் சிவனணைந்தபெருமாள். கோபக்காரன் என்று தெருவில் சொல்வார்கள், அதில் பாதி உண்மை.

வேலுவின் பெருமையே அவன் காதுதான். ஆட்கள் வந்து நின்று கடகடவென்று இருபது சாமான் சொல்வார்கள். அவன் எழுத மாட்டான். கேட்டு முடித்துவிட்டுத் திரும்புவான், பத்து நிமிடத்தில் இருபதும் பெட்டிக்குள் இருக்கும். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கட மனசுக்குள்ள இருக்குலா அண்ணாச்சி. அவுக சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு தட்டா நடந்து போய் ஒரு கைய வச்சுக்கிடுவேன். பொறவு அதே வழியில நடந்து எடுத்துட்டு வாரதுதான்" என்றான்.

இந்தக் காதை நம்பித்தான் தோணிக்காரர்கள் அவனிடம் வந்தார்கள். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். சமையல் செய்கிறவருக்குப் பண்டாரி என்று பெயர். பண்டாரி கடை வாசலில் நின்றுகொண்டு இருபது நாளுக்கு வேண்டியதை மூச்சு விடாமல் சொல்வார். இதில் ஒன்று விட்டுப்போனால் நடுக்கடலில் யாரிடம் போய் வாங்குவது? வேலு ஒருநாளும் விட்டதில்லை. தோணிப் பெட்டி கட்டும் அன்று அவன் முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

ஆறு வருடத்துக்கு முன் அவனுக்கு வலது கண் மங்கியது. கண்ணாடி மாற்றினார்கள். பிறகு வலது கால் மரத்துப்போனது. வாயு என்று எண்ணெய் தேய்த்தார்கள். கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். உடம்பே அதை எதிரி என்று நினைத்து அரிக்கிறதாம். தெருவில் எல்லோரும் சுருக்கமாக எம்.எஸ். என்றார்கள், ஏதோ அவன் மேல்படிப்புப் படித்தது மாதிரி. வாரம் மூன்று ஊசி, அவனே போட்டுக்கொள்வான். நான்தான் வரவழைத்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊர் வெயில் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. சித்திரை வைகாசியில் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வியாபாரம் பார்ப்பான். கால் இழுத்து இழுத்து நடப்பதை யாரிடமும் மறைக்கவில்லை.

மறைத்தது வேறொன்றை. போன வருடம் சரஸ்வதி பூஜைக்கு முன்பு, கடை துடைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னான்.

"மண்ட மெதுவாயிட்டு அண்ணாச்சி. ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் பேசுனா ரெண்டும் போயிருது. கால் போனா உக்காந்து யாவாரம் பாக்கலாம். மண்ட போனா எங்க உக்காருதது?"

"எல்லாருக்கும் மறதி வரத்தான் செய்யும்ல" என்றேன். மருந்துக்கடைக்காரன் சொல்லும் ஆறுதல் அவ்வளவுதான்.

அவன் அதைச் சொல்லக் காரணம் இருந்தது. அதே வருடம் மே மாதம், கடல் கொந்தளிக்கும் பருவத்துக்கு முந்தின கடைசிப் பயணத்துக்கு ரெக்சனின் தோணி கிளம்பியது. ரெக்சன் அதன் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர். பெட்டி கட்டிக் கொடுத்தது வேலு. பாதி வழியில் இன்ஜின் பழுதாகி எட்டு நாள் கடலில் கிடந்திருக்கிறார்கள். கையிலிருந்த பழைய தேயிலை தீர்ந்து பெட்டியைக் குடைந்தால் சீனி இருக்கிறது, பால் பவுடர் இருக்கிறது, தேயிலை இல்லை. எட்டு நாள், ஏழு ஆள், ஒரு வாய் டீ கிடையாது. திரும்பி வந்த ரெக்சன் நேராகக் கடைக்கு வந்து தெருவே கேட்கக் கத்தினார்.

"சோறு இல்லன்னாக்கூட மீனப் பிடிச்சுத் தின்னுருவோம்வே! விடியக்காலம் டீ இல்லாம இன்ஜினுக்கு அடியில எவன் படுப்பான்? அஞ்சாம் நாளு எம் பயலுவ ஒருத்தன ஒருத்தன் அடிச்சிக்கிட்டானுவ!"

வேலு உடனே கையைக் கூப்பிவிட்டான். "எம்மேலதான் தப்பு தண்டல். வுட்டுட்டேன்." அவன் மனைவி செல்வி பின்னால் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சுடலைச்செல்வி என்று முழுப்பெயர். சாத்தான்குளத்துப் பெண், பேச்சில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அன்று அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதிர்ச்சியில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே வேலு முன்வாசலை விட்டுப் பின்னால் போய்விட்டான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். செல்வி முன்னால் நின்றாள், ஒரு நோட்டில் எழுதி எழுதிச் சாமான் எடுத்தாள். செப்டம்பரில் கடல் திறந்ததும் ரெக்சனின் பண்டாரி அவளிடம்தான் பட்டியல் சொன்னார். அது காதில் விழும்போதெல்லாம் வேலு மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி என் கடைக்குள் போய்விடுவேன்.

இந்த ஜனவரியில், மதுரை டாக்டர் அவனிடம் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். எம்.எஸ். உள்ளவர்களுக்கு வரும் மறதிக்கும் கவனக் குறைவுக்கும் ஒரு ஆய்வு நடக்கிறது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. தொடுதிரை டேப்லெட் ஒன்று கொடுப்பார்கள். மூன்று மாதம், தினம் அரை மணி நேரம் அதில் பயிற்சி. பாதிப் பேருக்கு மூளைக்கென்று செய்த பயிற்சி, மீதிப் பேருக்குச் சாதாரண விளையாட்டு. யாருக்கு எது என்று பயிற்சி எடுக்கிறவருக்கும் தெரியாது, சோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. வேலுவின் சித்தப்பா ஒருவர், "ஒன்னயச் சோதனை எலியாக்கப் போறானுவ" என்றார். வேலு கேட்கவில்லை.

"எலியா இருந்தாலும் பரவால்ல. எனக்கு முன்வாசல் வேணும்" என்றான்.

என்னுடைய பழைய ஆல்ட்டோவில் வேலு, செல்வி, நான் மூவரும் மதுரைக்குப் போனோம். அனிஷா என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கம், இந்த ஆய்வைப் பார்த்துக்கொள்கிறவள். பதினேழு பக்க ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்து விளக்கினாள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான வைத்தியம் நிற்காது என்பதை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. வேலு மட்டும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு சோதனைக்கு உள்ளே அழைத்துப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வேலு சிரித்துக்கொண்டு வந்தான். அவன் பல்லைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"மொதல்ல ஒரு தாளு. வட்டம், அம்புக்குறி, கொக்கின்னு படம் போட்டு, எதுக்கு எந்த நம்பர்னு போட்டிருக்கு. அதப் பாத்து வேகமா நம்பர் சொல்லணும். அது நாறிப்போச்சு. ரெண்டாவது என்ன தெரியுமா? பதினஞ்சு சாமான் பேரு வாசிக்கா. கடைக்குப் போற லிஸ்ட்டு! மொத வாட்டி பன்னெண்டு சொன்னேன். ரெண்டாம் வாட்டி பதினஞ்சும் சொல்லிட்டேன். அரமணி கழிச்சுத் திரும்பக் கேட்டா, பதினஞ்சும்! அந்தப் புள்ள பேனாவக் கீழ வச்சுட்டு என்னயே பாக்கா."

"பாஸாயிட்ட அப்போ" என்றேன் நானும். இரண்டு முட்டாள்கள் வராந்தாவில் நின்று மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

செல்வியையும் தனியே அழைத்து ஒரு படிவம் நிரப்ப வைத்திருந்தார்கள். கூட இருக்கிறவர் சொல்ல வேண்டியது. சாமானை மாற்றி வைக்கிறாரா, சொன்னதையே சொல்கிறாரா, பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறாரா என்று இருபது கேள்வி.

அரை மணி நேரம் கழித்து அனிஷா எங்களை உள்ளே கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"சார், வருத்தமா இருக்கு. உங்களை இதுல சேர்க்க முடியாதுன்னு நினைக்கிறேன். வேகச் சோதனையில உங்களுக்குக் குறைவாத்தான் இருக்கு. ஆனா அது ஒண்ணு மட்டும் போதாது. ஞாபகச் சோதனையும் குறைவா இருக்கணும், இல்லன்னா வீட்டுல அன்றாடம் கஷ்டம் இருக்குன்னு கூட இருக்கிறவங்க சொல்லணும். உங்க ஞாபகம் நோய் இல்லாதவங்களை விட நல்லா இருக்கு. அக்கா இருபது கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'ன்னு டிக் பண்ணியிருக்காங்க."

வேலுவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக மனதுக்குள் வைத்திருக்கும் அந்தக் கடை, சோதனையில் அவனைக் காப்பாற்றி, ஆய்விலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அவனுக்கு வேறு எதைக் கொடுத்திருந்தாலும் மறந்திருப்பான். மளிகைச் சாமானைக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தட்டுத் தட்டாக நடந்து எடுத்து வந்திருக்கிறான் இந்தப் பெரிய மனுஷன். சரி, அதுகூட அவன் தொழில் புத்தி. இவள் ஏன் அப்படி டிக் போட்டாள்?

"ஏளா, ஒருபோதும் இல்லையா? எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றான் வேலு.

"கட்டுன புருசனப் பத்தி ஊரு பேரு தெரியாத எடத்துல என்னன்னு சொல்ல? மறதிக்காரன், பாதிக் கிறுக்கன்னு எழுதிக் குடுக்கவா?"

"அதுக்குத்தானே வந்திருக்கு! இது என்ன பொண்ணு பாக்குத எடமா, பெருமையாச் சொல்ல?" என்று நான் கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அனிஷா என்னைப் பார்வையாலேயே உட்கார வைத்தாள். செல்வியிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உள்ளே சேர்க்கணும்னு இல்லாததைச் சொல்லக் கூடாது. அது தப்பு. ஆனா இருக்கிறதை மறைச்சிருந்தா அதுவும் தப்புதான். திருத்திச் சொல்றதுன்னா சொல்லலாம். ஒவ்வொண்ணுக்கும் எப்ப, என்ன நடந்ததுன்னு கேப்பேன். இவங்க ரெண்டு பேரும் வெளியே இருக்கட்டும்."

"வேண்டாம். அவுக இல்லாத நேரம் அவுகளப் பத்திப் பேச எனக்கு வராது. அவுக இருக்கட்டும்" என்றாள் செல்வி. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானும் இருந்துவிட்டேன்.

முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

பிரேமா டீச்சருக்கு உளுந்துக்குப் பதில் துவரம்பருப்பைப் போட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்கு வந்தது, ஒரே மாதத்தில் மூன்று தடவை. சாத்தான்குளத்துக் கல்யாணத்தில் அவள் கூடப்பிறந்தவனையே பேர் மாற்றிக் கூப்பிட்டது. அவன் இன்னும் முறைப்பாக இருக்கிறான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பூட்டாமல் வீட்டுக்கு வந்தது. தெர்மல் நகர் வீட்டுக்காரர் பையில் இட்லி அரிசிக்குப் பக்கத்தில் பினாயில் பாட்டிலை வைத்தது. துறைமுக ரோட்டைக் கடக்கும்போது நடுவில் நின்று, லாரி வருகிறதா போகிறதா என்று புரியாமல் விழித்தது. ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அவள்தான் பெட்டியைப் பூட்டி, நாள் பார்த்து எடுத்துத் தருகிறாள். ஊசிக்கணக்கு எனக்கே தெரியாது. விற்றவன் நான்.

எல்லாம் போன இரண்டு வருடத்தில் நடந்தவை. எது எந்த மாதம் என்று அவள் தடங்கல் இல்லாமல் சொல்ல, அனிஷா எழுதிக்கொண்டே போனாள். "இதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாதா அக்கா?" என்று இடையில் கேட்டாள்.

"தெரியவிட்டாத்தானே? அவுக கட்டுன பொட்டலத்த நான் பின்னால நின்னு பிரிச்சுப் பாப்பேன். கண்ணுக்குத் தப்பிப் போச்சுன்னா ஸ்கூட்டிய எடுத்துட்டு வீட்டுக்கே போய் மாத்திக் குடுத்துட்டு வருவேன்."

செல்வி ஸ்கூட்டியில் பையோடு போவதைத் தெரு முழுவதும் பார்த்திருக்கிறது. வேலு கடையில் டோர் டெலிவரி ஆரம்பித்துவிட்டார்கள் என்று நானே பத்துப் பேரிடம் பாராட்டிச் சொன்னேன். எதிர்த்த கடைக்காரர் அதைப் பார்த்துப் போட்டிக்கு ஒரு வண்டி வாங்கினார்.

அவள் பேசப் பேச வேலு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவமானத்தில் மூடியிருக்கிறான் என்று நினைத்தேன்.

இன்னும் மூன்று சொன்னாள், மொத்தம் பத்து சம்பவம் ஆயிற்று. அனிஷா டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். செல்வி பழைய டிக்குகளை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள். டேப்லெட் கையில் வந்தது. வேலு அதை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் சீட்டில் உட்கார்ந்தான், செல்வி பின்னால். அருப்புக்கோட்டை தாண்டியது, எட்டயபுரம் தாண்டியது, யாரும் பேசவில்லை. இந்த மாதிரி மௌனத்தில் வண்டி ஓட்டுவது எனக்கு ஆகாது. குறுக்குச்சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

டீ வந்தது. வேலு கிளாஸைத் தொடவில்லை. திடீரென்று ஆரம்பித்தான்.

"நீ சொன்னதெல்லாம் நான் தட்டுல வச்சுட்டேன் ஏளா. உளுந்துச் சாக்குகிட்ட பிரேமா டீச்சர நிறுத்திட்டேன். பால் பவுடர் தட்டுல பொங்குன பாலு. வெத்தில பாக்குக்குப் பக்கத்துல ஒந்தம்பி. பூட்டு தொங்குத ஆணியில ஷட்டர். பினாயில் அதோட எடத்துலயே இருக்கு. கோணிச் சாக்குக்கு முன்னால லாரி."

நிறுத்தாமல் பத்தையும் சொன்னான். ஒன்றுகூட விடவில்லை. எங்களுக்குக் காட்டவென்று சொன்ன மாதிரி இல்லை. பெட்டி கட்டும்போது சரிபார்ப்பானே, அந்தக் குரல்.

"எல்லாத் தட்டும் நடந்து பாத்துட்டேன்" என்றான். "தேயிலத் தட்டு மட்டும் காலியாக் கெடக்கு. ஊரே அறிஞ்ச விசயம் அது. அத ஏன் நீ சொல்லல?"

செல்வி கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அது நீங்க விட்டதில்ல."

"பின்ன?"

"அன்னைக்கும் நீங்க கட்டுன பெட்டியப் பிரிச்சுப் பாத்தேன். எல்லாஞ் சரியா இருந்துச்சு. தேயில மேலாப்புல இருந்துச்சு, அத எடுத்து ஜன்னல்ல வச்சுட்டு அடியில பாத்தேன். அப்பப் பாத்து தண்டல் ஆளு வந்து அவசரப்படுத்துனான். மூடிக் குடுத்துட்டேன். சாயங்காலந்தான் ஜன்னலப் பாத்தேன். தோணி போயிட்டு." அழ ஆரம்பித்துவிட்டாள். "தண்டல் கத்துனப்ப சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க கையக் கூப்பி எம்மேல தப்புன்னுட்டீய. பொறவு பின்னால போய் உக்காந்துட்டீய. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு எட்டு மாசம் போயிட்டு. அந்தத் தாள்ல ஒண்ணச் சொன்னா இதையும் சொல்லணுமேன்னுதான் எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டேன்."

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. எட்டு மாதம் ஒரு மனிதனை மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டாளே என்று வாயைத் திறந்தேன். வேலு கையை நீட்டி என்னைத் தடுத்தான்.

"நீ சொல்லலங்கறது இருக்கட்டும்" என்றான் அவளிடம். "நான் பெட்டிக்குள்ள தேயில வச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு ஏளா. நல்லா ஞாபகம் இருந்துச்சு. நான்தான் அத நம்பல."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நான் எழுந்து போய் டீக்கடைக்காரரிடம் தேவையில்லாமல் சண்டை பிடித்தேன், டீயில் சீனி அதிகம் என்று.

இப்போது ஐந்தாவது வாரம் ஓடுகிறது. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் வேலு டேப்லெட்டைத் திறப்பான். படங்கள் வரும், மறையும், விரலால் தொடுவான். அது மூளைக்கான பயிற்சியா வெறும் விளையாட்டா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், "தெரியல அண்ணாச்சி" என்கிறான். ஷட்டர் விஷயம் போன வாரமும் நடந்தது. செல்வி அதை அனிஷாவுக்குப் போனில் சொல்லிவிட்டாள், அவன் பக்கத்திலேயே நின்று.

தேயிலை சங்கதியை ரெக்சனிடம் வேலு இன்றுவரை சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை அவர் தோணி கிளம்பியது. ஞாயிறு மத்தியானம் பண்டாரி வந்தார். வழக்கம்போல் செல்வியைத் தேடினார். வேலு காலை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான்.

"எங்கிட்ட சொல்லும்வே. கொஞ்சம் நிறுத்திச் சொல்லும்."

பண்டாரி ஒரு கணம் தயங்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முப்பத்திரண்டு சாமான். செல்வி ஓரமாக நின்று நோட்டில் எழுதினாள். வேலு கேட்டான், திரும்பினான், எடுத்தான். முன்பெல்லாம் கால் மணியில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் மருந்துக்கடையில் ஆளை நிற்க வைத்துவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தேயிலையை வைத்தான். பெட்டியை மூடவில்லை. செல்வி வழக்கப்படி அவன் போகட்டும் என்று சற்றுத் தள்ளி நின்றாள்.

"என்ன அங்கன நிக்க? வா" என்றான். "வந்து பிரிச்சுப் பாரு. எம் முன்னாலயே பாரு."

அவள் நோட்டோடு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.